தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் முதன்முறை பி.பி., சுகர் பார்க்கப் போகும்போது

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து போனால் முதல் லோடு இறங்கும்போது ஒரு டீ, ஏலம் தொடங்கும்போது ஒரு டீ, வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு ஒரு டீ என்று ஒன்பது மணிக்குள் மூன்று டீ உள்ளே போயிருக்கும். நாற்பத்திரண்டு வயதில் ராத்திரிக்கு மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுந்தேன். பாதம் எரிந்தது. "குளிர்காலம்ணா, அப்படித்தான் இருக்கும்" என்றான் மண்டியில் ஒரு பையன். அதையே நம்பி இரண்டு மாதம் ஓட்டினேன்.

பிறகு சர்க்கரை என்று தெரிந்து, ஒழுங்காக மாத்திரை கைக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. அதில் ஐந்து நாள் கூலி போனது, மூவாயிரத்துச் சொச்சம் செலவானது. இரண்டே நடையில், பஸ் காசோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. போன நேரம் தப்பு, போன இடம் தப்பு, கையில் இருந்த காகிதமும் தப்பு. நீங்கள் அப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் உங்கள் டாக்டரின் வேலை. எங்கே நிற்பது, எதை எடுத்துப்போவது, எப்போது போவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. உங்களுக்கு இது தேவையா?

முப்பது வயது நிரம்பியிருந்தால் தேவை. அரசு சுகாதார நிலையங்களில் பி.பி., சுகர் பரிசோதனையை அந்த வயதிலிருந்துதான் எல்லோருக்கும் செய்கிறார்கள். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்று தள்ளிப்போடாதீர்கள். பி.பி. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலை சுற்றினால்தான் பி.பி. என்பது டீக்கடை மருத்துவம்.

வீட்டில் தையல் டேப் இருந்தால் மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தபோது "சுகர் ஏறியிருக்கு, பிரசவம் ஆனால் சரியாகிடும்" என்று உங்களுக்குச் சொல்லியிருந்தாலோ முப்பது வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பிரசவத்தோடு மறைந்த சர்க்கரை பிற்பாடு திரும்பி வருவது சகஜம். என் மனைவிக்கு அப்படித்தான் ஆனது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒருவரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2. எங்கே போவது?

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் (பிஎச்சி). நான் செய்த முதல் தப்பு இங்கேதான். "பெரிய ஆஸ்பத்திரின்னா பெரிய டாக்டர்" என்று நினைத்து நேராக மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றுக்குப் போனேன். அங்கே காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சீட்டு, வரிசை, டாக்டர், ரத்தம் எடுக்க இன்னொரு வரிசை, ரிப்போர்ட்டுக்கு மறுநாள். மூன்றாம் நாள் டாக்டர் சொன்னது, "உங்க பிஎச்சியிலேயே இதைப் பார்ப்பாங்களேப்பா."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சுகர் பார்க்க, மாத்திரை வாங்கக் காசு கிடையாது. அங்கே முடியாததை அவர்களே எழுதி மேலே அனுப்புவார்கள். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் அரசு மருத்துவமனைகள். கிருஷ்ணகிரி பக்கம் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி. அதற்கும் மேலே தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். தருமபுரிக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது. கிருஷ்ணகிரிக் கல்லூரி 2022இல் திறந்தது. அது ஊருக்குள் இல்லை, போலுப்பள்ளியில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டு வழி கேட்பதைவிட ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு உட்காருங்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் என் மனைவிக்கு இந்தச் செலவுகூட வருவதில்லை.

இடத்தை முடிவு செய்துவிட்டால் மாற்றாதீர்கள். இந்த வாரம் சுகாதார நிலையம், அடுத்த வாரம் யாரோ சொன்ன கிளினிக், அதற்கடுத்து சேலமோ பெங்களூரோ என்று போனால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு ஒரு கட்டத்தில் ஒரே மருந்து இரண்டு வேறு பெயரில் இரண்டு சீட்டில் இருந்தது. இரண்டையும் முழுங்கிக்கொண்டிருந்தேன். வயிற்றுப்போக்கு நிற்காமல் போனபோதுதான் ஒரு சிஸ்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்?

ஆதார் அட்டை, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, இரண்டுக்கும் ஒவ்வொரு நகல். உங்கள் பெயரில் இருக்கிற, கையில் இருக்கிற கைபேசி. பையனின் எண்ணைக் கொடுத்துவிட்டு, பையன் ஓசூரில் ஷிப்டில் இருக்கும்போது அவனுக்கு ஓடிபி போனால் நீங்கள் வரிசையில் விழிக்க வேண்டியதுதான்.

பழைய சீட்டுகள் எல்லாம். தலைவலிக்குப் பார்த்ததாக இருந்தாலும் சரி. இப்போது சாப்பிடும் எல்லா மருந்தையும் அட்டையோடு கொண்டுபோங்கள். "வெள்ளையா, சின்னதா, வட்டமா ஒரு மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் தெரியாது; உலகத்து மாத்திரையில் பாதி அப்படித்தான் இருக்கிறது. நாட்டு மருந்து, பொடி, லேகியம் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம்.

இவை தவிர ஒரு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். ஏன் என்று அடுத்த படியில்.

4. முன்னிரவும் அன்று காலையும்

இதில்தான் நிறையப் பேர் ஒரு நாளை வீணாக்குகிறார்கள், என்னையும் சேர்த்து.

வெறும் வயிற்றில் பார்க்கிற சுகருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. ராத்திரி ஒன்பதுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். டீ, காபி, பால், மோர், "சர்க்கரை போடாத டீதானே" எதுவும் கூடாது. பல் விளக்கலாம். பீடி, சிகரெட், வெற்றிலை கூடாது. முதல் தடவை நான் சிஸ்டரிடம் "ஒண்ணும் சாப்பிடலைங்க" என்று உண்மையாகவே சொன்னேன். மூன்று டீ என் கணக்கில் சாப்பாடே இல்லை. அவர் என் சட்டையில் இருந்த டீக்கறையைப் பார்த்தார். "நாளைக்கு வாங்கண்ணா" என்றார். அவ்வளவுதான், ஒரு நாள் போயிற்று.

மண்டி, பூ மார்க்கெட், பால் சொசைட்டி, கம்பெனியில் நைட் ஷிப்ட் என்று விடிகாலை வேலை செய்பவர்கள் வாரத்தில் லீவு நாளைப் பார்த்துப் போங்கள். வேலையை முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் பசியோடு போய் நின்றால் கண் இருட்டும். மண்டிக்காரரிடம் ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டு எட்டு மணிக்கு அங்கே இருப்பது நல்லது.

முதல் ரத்தம் எடுத்ததும் சாப்பிட வேண்டும். டிபன் பாக்ஸ் அதற்குத்தான். முதல் வாய் வைத்த நேரத்தைப் பாருங்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த ரத்தம். முடித்த நேரத்திலிருந்து கணக்கு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. இன்னொரு ஏமாற்று வேலையும் நாமே செய்துகொள்கிறோம்: தினமும் வீட்டில் இரண்டு உருண்டை களி சாப்பிடுகிற ஆள் அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது. நல்ல ரிப்போர்ட் வரும், காட்டிக்கொள்ளலாம், உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் பரிசோதனை அன்று காலை மாத்திரையை எப்போது போடுவது என்று முந்தைய நடையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பி.பி. மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கம்போல் போடச் சொல்வார்கள் பெரும்பாலும். சுகர் மாத்திரையைச் சாப்பாட்டோடு என்பார்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

பி.பி. பார்க்கும்போது: படியேறிப் போன வேகத்தில் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். அரை மணிக்குள் டீயோ புகையிலையோ கூடாது. மூத்திரம் வந்தால் போய்விட்டு வாருங்கள். கை நெஞ்சு மட்டத்தில், மேசை மேல். பட்டையை முழுக்கைச் சட்டைக்கு மேலே சுற்றினால் "மடிச்சு விட்டுக்கறேன் சிஸ்டர்" என்று நீங்களே சொல்லலாம். பார்க்கும்போது பேச்சு வேண்டாம். கூட்டமான நாளில் இதற்கெல்லாம் இடமிருக்காது என்பது எனக்குத் தெரியும். அப்படி அவசரத்தில் எடுத்த அளவு கூடுதலாக வந்தால் பயந்துவிடாமல் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

5. சீட்டில் இருக்கிற எண்கள்

பி.பி. 120/80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நிம்மதி. வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்தக்கொதிப்பு. நடுவில் இருப்பவர்கள் உப்பைக் குறைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழ் சரி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126 முதல் சர்க்கரை நோய். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்ப்பது 140க்குள் இருக்க வேண்டும், 200 எட்டினால் நோய். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி என்ற சோதனை 6.5 அல்லது மேல் என்றால் நோய், 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. எல்லாச் சுகாதார நிலையத்திலும் அன்றே கிடைக்காது. தனியார் லேபில் 450 ரூபாய் கொடுத்தேன் நான். பிறகு அரசு மருத்துவமனையில் அதே சோதனை இலவசமாகக் கிடைத்தது. ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய் சொல்லும். ஆகவே ரத்தம் குறைவு என்று யாராவது சொல்லியிருந்தால் டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னால் "அப்பாடா, நோய் இல்லை" என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடாதீர்கள். திருப்ப முடிகிற இடம் அதுதான். என் சீட்டில் 112 என்று ஒரு காலத்தில் இருந்திருக்கிறது, ஐந்து வருடத்துக்கு முன்னால், ரத்ததான முகாமுக்குப் போன சமயத்தில் பார்த்தது. பீரோவில் கிடந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை.

விரலில் குத்திப் பார்த்த ஒரே ஒரு எண்ணை வைத்து ஆயுள் முழுவதற்கும் மாத்திரை தொடங்க வேண்டாம். கையில் ஊசியேற்றி எடுத்த ரத்தத்தில் உறுதி செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

6. சுகர் நோட்டும் மாதாந்திர மாத்திரையும்

நோய் உறுதியானதும் உங்களுக்கு ஒரு சிறு புத்தகம் தருவார்கள். எங்கள் பக்கம் "சுகர் நோட்டு" என்றே சொல்கிறோம், பி.பி. மட்டும் இருப்பவரும்கூட. ரேஷன் கார்டை எப்படிப் பாதுகாக்கிறீர்களோ அப்படி இதையும் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை மழையில் நனைத்துவிட்டு, மை எல்லாம் கரைந்து, பழைய அளவு எதுவும் இல்லாமல் புது நோட்டு போட வேண்டியதாயிற்று.

மாத்திரை மாதத்துக்கு ஒரு முறை. முப்பதாவது நாள் போகாமல் இருபத்தைந்தாவது நாள் போங்கள். பண்டிகை, இருப்பு தீர்ந்துபோனது, டாக்டர் லீவு எல்லாம் இந்த ஐந்து நாளில் அடங்கிவிடும். மாத்திரையின் நிறமோ உருவமோ மாறியிருந்தால் வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் கம்பெனி மாறியிருக்கும், மருந்து அதுவேதான். ஏதாவது ஒன்று இருப்பில் இல்லை என்றால் முதல்வர் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் திறந்தவை. வெளிக்கடையைவிடக் குறைந்த விலை. மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கிப் போனால்தான் அங்கே வேலை நடக்கும்.

நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. இந்தத் திட்டமே 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஊருக்கு ஒரு தன்னார்வலர் அக்கா வீட்டுக்கு வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை தந்துவிட்டுப் போவார். பக்கவாதம் வந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவரும் வருவார். பட்டியலில் சேர்க்க, சுகாதார நிலையத்திலோ துணைச் சுகாதார நிலையத்துச் சிஸ்டரிடமோ நோட்டையும் ஆதாரையும் காட்டி முகவரி கொடுத்தால் போதும். எங்கள் அம்மாவைச் சேர்த்தபோது ஒரு சிக்கல்: வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது, கதவு எண் கிடையாது. "புளிய மரத்தடி மாரியம்மன் கோயில் பின்னால்" என்று எழுதிக் கொடுத்தோம், வந்துவிட்டார். நீங்களும் அடையாளத்தோடு எழுதுங்கள். மாத்திரை தந்துவிட்டுப் போகிறாரே என்று டாக்டரைப் பார்க்காமலே இருந்துவிடக் கூடாது. சில மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிப் போக வேண்டும்.

இனி பொறிகள். பி.பி. சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது முதல் பொறி. மாத்திரை போட்டதால்தான் சரியாக இருக்கிறது. கால் வீங்குகிறது, வறட்டு இருமல் வருகிறது என்றால் அது மாத்திரையாலும் இருக்கலாம். நிறுத்தாமல் போய்ச் சொன்னால் வேறு மாற்றித் தருவார்கள். இரண்டாவது, சந்தையில் விற்கிற "நாற்பது நாளில் சர்க்கரை ஒழியும்" பொடி. என்னிடம் 900 ரூபாய் அதில் போனது. மூன்றாவது மிக மோசமானது: மூட்டுவலிக்கு என்று காகிதப் பொட்டலத்தில் பெயரில்லாமல் கட்டித் தருகிற கலர் மாத்திரைகள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரையும் பி.பி.யும் எகிறும், வலி மாத்திரை அதிகமானால் சிறுநீரகம் போகும். அட்டை இல்லாத மாத்திரையை வாயில் போடாதீர்கள்.

7. வருடத்துக்கு ஒரு முறை கேட்டு வாங்க வேண்டியவை

கேட்காவிட்டால் கூட்டத்தில் விட்டுப்போகும். சர்க்கரைக்காரர்களுக்குக் கண் விழித்திரைப் பரிசோதனை; கண்ணில் மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரம் மங்கலாகத் தெரியும், பைக்கில் தனியாகப் போகாதீர்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), கொழுப்பு. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. செருப்பில்லாமல் தோட்டத்தில் நடக்கிற நமக்கு இந்தக் கடைசிச் சோதனை ரொம்ப முக்கியம். முள் குத்தியது தெரியாமல் புண்ணாகி விரலை எடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

புகையிலை மெல்பவர்கள் வாயைக் காட்டுங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையும் அதே சுகாதார நிலையத்தில் உண்டு. என் மனைவி மூன்று தடவை தள்ளிப்போட்டாள். பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து போனபோதுதான் முடிந்தது, பத்து நிமிட வேலை. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போகச் சொல்லுங்கள்.

8. தண்ணீர்: நம் பக்கத்துக்கே உள்ள கேள்வி

வேறு மாவட்டத்துக்காரர் எழுதினால் இந்தப் படி இருக்காது. இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் மஞ்சள், பழுப்புக் கோடுகள் வரும். பிறகு முதுகும் முட்டியும் இறுகும். "வயசாச்சு, வாதம்" என்று நாம் சொல்லிக்கொள்கிற வலியில் கொஞ்சம் இந்தத் தண்ணீரால் வந்ததாக இருக்கலாம். அந்த வலிக்குத்தான் மேலே சொன்ன பொட்டல மாத்திரையைத் தேடிப் போகிறோம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் வருகிறது. அந்தத் திட்டமே புளூரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். குழாயில் அந்தத் தண்ணீர் வருகிற நாளில் குடிக்க, சமைக்க அதைப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீரை மற்றதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீரும் ஒரே தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது பல வருடம்.

காய்ச்சினால் கிருமி சாகும், புளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி குறைக்கும், வெறும் கேண்டில் பில்டர் குறைக்காது. போர் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமானால், சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு இரண்டு லிட்டர் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கட்டணம் உண்டு. கோடையில் ஒரு முறை பார்ப்பது நல்லது, நீர்மட்டம் இறங்கும்போது அளவு மாறும்.

9. களி, மாம்பழம், நடை

"ராகி சாப்பிட்டால் சுகர் வராது" என்பது நம் பக்கத்து வேதவாக்கு. ராகி நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்து நிறைய. தருமபுரியில் ரேஷனிலேயே அரிசிக்குப் பதில் மாதம் இரண்டு கிலோ தருகிறார்கள். ஆனால் அதுவும் மாவுதான். நைசாக அரைத்துக் கூழாகக் கரைத்து ஒரு சொம்பு குடித்தால் வேகமாக ஏறும். எனக்கே பார்த்தேன்: கூழ் குடித்த அன்று இரண்டு மணி நேரத்தில் 260ஐத் தாண்டியது. ஒரே ஒரு உருண்டை களி, ஒரு கிண்ணம் கீரை, கொள்ளுக் குழம்பு என்று சாப்பிட்ட அன்று 180க்குப் பக்கத்தில் நின்றது. களியை விட வேண்டாம். உருண்டையைச் சின்னதாக்கி, அவரை, துவரை, கீரையைப் பெரிதாக்குங்கள்.

மாம்பழம். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மே, ஜூனில் மாம்பழம் சாப்பிடாதே என்றால் யார் கேட்பார்கள்? சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு பழம் என்பதை விட்டுவிட்டு, ஒரு வேளை சிற்றுண்டிக்குப் பதிலாக இரண்டு மூன்று துண்டு சாப்பிடலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னார். ஜூஸ் கூடவே கூடாது. பி.பி.க்காரர்களுக்கு வேறு ஆபத்து: தோத்தாபுரிக் காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பது, ஊறுகாய், கருவாடு, அப்பளம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் அளவுதான். இந்துப்பு வாங்கினாலும் அதுவும் உப்புதான்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். "மண்டியில் நாள் பூராவும் நடக்கிறேனே" என்றேன். நின்று நின்று நடப்பது சேராதாம். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் அரை மணி நேரம் தொடர்ந்து. இப்போது மண்டி முடிந்ததும் ரயில்வே ஸ்டேஷன் வரை போய்த் திரும்புகிறேன். வெயில் காலத்தில் முடிவதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

10. காப்பீட்டு அட்டையை இப்போதே எடுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு தேடுவார்கள் எல்லோரும். நல்லா இருக்கும்போது எடுத்தால் அலைச்சல் பாதி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை.

வேண்டியவை: ரேஷன் கார்டு, அதில் பெயருள்ள எல்லோரின் ஆதார், வருமானச் சான்று. வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய். ரசீது வாங்குங்கள். எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. விஏஓ தொலைபேசியில் கேள்வி கேட்பார், எடுக்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். சான்று வந்ததும் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். தருமபுரிக்காரர் தருமபுரிக்கு, ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரிக்கு.

என்னைத் திருப்பி அனுப்பியது ஒரு எழுத்து. ரேஷன் கார்டில் அம்மா பெயரில் "மா", ஆதாரில் "ம". போகுமுன் எல்லா அட்டையையும் வரிசையாக வைத்துப் பெயர், பிறந்த வருடம், முன்னெழுத்து மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டுமானால் அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் இன்னும் உங்கள் கார்டில் இருந்தால் அவளுக்குப் புகுந்த வீட்டில் அட்டை கிடைக்காது, அதையும் சரிசெய்யுங்கள்.

இந்த அட்டை படுத்து எடுக்கிற சிகிச்சைகளுக்கு, அதுவும் பட்டியலில் உள்ளவற்றுக்கு. மாதாந்திர மாத்திரைக்கோ வெளிநோயாளி சீட்டுக்கோ செல்லாது. தனியார் மருத்துவமனையில் சேரும்போதே காப்பீட்டு மேசையில் அட்டையைக் கொடுங்கள். பணம் கட்டிவிட்டுப் பிறகு காட்டினால் திரும்ப வராது என்றுதான் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு ஆயிற்று. சந்தேகத்துக்கு 1800 425 3993, காசில்லா அழைப்பு.

ஓசூர் பக்கம் கம்பெனியில் வேலை, சம்பளம் மாதம் 21,000க்குள் என்றால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா பாருங்கள். பிடித்தால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பார்க்கலாம். பிடித்தும் எண் தரவில்லை என்றால் எச்.ஆரிடம் எழுதிக் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குத்தான் இதில் அதிகம் விட்டுப்போகிறது.

11. காத்திருக்கக் கூடாத நேரம்

மேலே சொன்ன வரிசை, டோக்கன், லீவு நாள் எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது. நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி. "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குளறுவது பக்கவாதம். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஸ்கேன் பார்த்த பிறகுதான் போடுவார்கள். எனவே ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். 108இல் சொல்லும்போதே அறிகுறியையும் அது தொடங்கிய மணியையும் சொல்லுங்கள். தோட்டத்து வீடாக இருந்தால் ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிற்கட்டும்.

சர்க்கரை மாத்திரை அல்லது ஊசி போடுபவருக்குத் திடீரென்று கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், 70க்குக் கீழே. நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108தான்.

அவசரமில்லாத கேள்விகளுக்கு 104. ராத்திரி பதினொரு மணிக்கு "மாத்திரை இரண்டு தடவை போட்டுட்டேன் போலிருக்கு" என்று நான் கூப்பிட்டது அங்கேதான். திட்டாமல் பதில் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று, சின்னதுதான். டோக்கன் தரும் இடத்தில் பேனா இருக்காது. இருந்தாலும் எழுதாது. சட்டைப் பையில் ஒன்று செருகிக்கொண்டு போங்கள், வரிசையில் பின்னால் நிற்கும் நாலு பேருக்கும் அது தேவைப்படும்.